அத்தை வீட்டுப் பழைய பைப்புகள்: இதுவரை மாற்றியவை

சிங்கப்பூர் அங் மோ கியோவில் அத்தை இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எழுபதுகளின் கடைசியில் கட்டியது. குளியலறையை ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்கள். சமையலறையும் துணி துவைக்கும் இடமும் பழையபடியே கிடந்தன. திருகுப் பைப்பை மூட அத்தை இரண்டு கையையும் போட வேண்டியிருந்தது, அப்படியும் சொட்டும். "தம்பி, ராத்திரியெல்லாம் டொக் டொக்குன்னு கேக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பழைய வகைக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கீழே உள்ள பித்தளை விளிம்பில் அழுந்தித்தான் தண்ணீரை நிறுத்தும். சொட்டுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் வாஷர் சீக்கிரம் நசுங்கிப்போகும். வாஷரை மட்டும் மாற்றினால் செலவே இல்லை. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த விளிம்பே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் எந்த வாஷரும் நிற்காது. சரி, முழுப் பைப்பையும் மாற்றிவிடலாம், கால் சுற்று திருப்பினாலே மூடும், உள்ளே பீங்கான் தட்டு வைத்த வகையே போடலாம் என்று முடிவு செய்தோம். வயதானவர்களின் கைக்கு அதுதான் சுலபம்.

பைப் மாற்றுவது போன்ற சின்ன வேலையைச் சிங்கப்பூரில் நாமே செய்துகொள்ளலாம். தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டரில் மட்டும் கை வைக்கக்கூடாது, அதற்கு உரிமம் பெற்ற பிளம்பர்தான் வேண்டும். ஜாலான் புசார் பக்கம் போனால் இந்தச் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. அரை அங்குல மரை (திருகும் வரி) என்று சொன்னால் போதும். தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தண்ணீர்ச் சிக்கன முத்திரை 2009 முதல் கட்டாயம். அதில் எத்தனை டிக் என்று பார்த்து வாங்க வேண்டும், டிக் கூடக் கூடத் தண்ணீர் குறைவாக வரும். கை கழுவும் பேசின் பைப்புக்கு இரண்டு டிக் என்றால் நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர். சமையலறை சிங்க்குக்கு அதே இரண்டு டிக் 4 முதல் 6 லிட்டர். சிங்க்குக்கு மூன்று டிக் எடுக்கலாம் என்றேன். குண்டான் நிரம்ப எவ்வளவு நேரம் நிற்பது என்று அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

வேலையைத் தொடங்குமுன் வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் உள்ள மெயின் வால்வை மூடி, எல்லாப் பைப்பையும் திறந்து பார்த்துவிட வேண்டும். பழைய வால்வு பாதிதான் மூடும் என்றால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும், பைப் அப்புறம்.

புதுப் பைப்பில் சிரமம் எதுவும் கிடையாது. பைப்பைத் திருகி மாட்டும், சுவருக்குள் இருக்கும் சாக்கெட்தான் உண்மையான சோதனை. அத்தை வீட்டில் அது துத்தநாகம் பூசிய இரும்பு, மரைக்குள் துருவும் பழைய சணல் நாரும் அடைத்துக் கிடந்தன. பைப் அசையவில்லை என்று பெரிய ஸ்பேனரில் தொங்கினால், சுவருக்குள் இருக்கும் எல்போவும் (குழாயின் வளைவு இணைப்பு) சேர்ந்து திரும்பிவிடலாம். அந்தக் கசிவு நம் கண்ணுக்குத் தெரியாது, கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும். அதனால் துரு இளக்கும் எண்ணெயை அடித்து, ஊறவிட்டு, சின்ன ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத்தான் கழற்றினேன். பழைய பல் துலக்கும் பிரஷ் மரையைச் சுத்தம் செய்யத் தோதாக இருந்தது.

அடுத்தது கசியாமல் இருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப். சுவர்ப் பைப்பில் எத்தனை சுற்று என்பது கசிவுக்காக மட்டும் இல்லை. பைப் இறுகி முடியும்போது வாய் நேராகக் கீழே பார்க்க வேண்டும். டேப் குறைந்தால் வாய் கீழே வந்த பிறகும் பைப் தளர்வாக இருக்கும். கூடினால் பக்கவாட்டில் நிற்கும்போதே இறுகிவிடும். கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்பக்கூடாது, டேப் கிழிந்து கசியும். கழற்றிப் பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் வழி. முதலில் டேப் இல்லாமல் திருகி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் அளவு பிடிபடும். மரை நம்மைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் திருகும்போதே டேப் அவிழ்ந்து வரும்.

தண்ணீரைத் திறக்குமுன் பைப் வாயில் உள்ள வலையைக் கழற்றி வைப்பது நல்லது. முதலில் வந்தது பழுப்புத் தண்ணீரும் துருத் துகளும்தான். தெளிந்த பிறகு வலையை மாட்டினேன். இணைப்பில் டிஷ்யூ சுற்றிவிட்டு, எல்லாவற்றையும் மூடி, மீட்டரில் உள்ள சின்னச் சக்கரத்தைப் பார்த்தேன். சுற்றவில்லை. காலையில் டிஷ்யூவும் காய்ந்தே இருந்தது.

சிங்க், துவைக்கும் இடம் இரண்டும் முடிந்தன. பேசின் பைப் இன்னும் பாக்கி. அடியிலுள்ள நட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது, சுவருக்கும் பேசினுக்கும் இடையில் கை நுழையவில்லை. அதற்கு நீளக் கழுத்து ஸ்பேனர் வேண்டும். பக்கத்துப் புளோக்கில் ஒரு அங்கிளிடம் இருக்கிறதாம், அத்தை கேட்டு வைத்திருக்கிறார். இரும்பு எல்போவின் ஆயுள் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அடுத்த புதுப்பிப்பில் சுவர்க் குழாயையே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.