நேரம் போட்டு எழுதுங்கள்

மருத்துவமனைக்கு வரும் புகார் மனுக்களில் பெரும்பாலானவை முதல் பத்தியிலேயே பலவீனப்பட்டுப் போகின்றன. "உங்கள் ஆஸ்பத்திரியில் மனிதாபிமானம் செத்துவிட்டது", "பணம் பிடுங்குவது ஒன்றே உங்கள் நோக்கம்" என்று ஆரம்பிப்பார்கள். எழுதியவரின் வேதனை முழுக்க உண்மை. ஆனால் இப்படிப்பட்ட வரிகளுக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம் போதும். "தங்கள் மனவருத்தத்துக்கு வருந்துகிறோம். எங்கள் மருத்துவர்கள் இயன்ற எல்லாச் சிகிச்சையும் அளித்தார்கள்." கையெழுத்து, முத்திரை, கோப்பு முடிந்தது. தென் மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றின் மருத்துவ ஆவணப் பிரிவில், எம்.ஆர்.டி. என்று நாங்கள் சொல்லும் இடத்தில், பல வருடம் வேலை பார்த்தேன். இந்தப் பதில்களைத் தட்டச்சு செய்யும் மேசை என் மேசைக்கு எதிரில்தான் இருந்தது.

இன்னொரு வகை மனு எப்போதாவது வரும். அதில் வசைச்சொல் ஒன்றுகூட இருக்காது. "இரவு 11.40க்கு அம்மாவின் பி.பி. 80/50 என்று நர்ஸ் குறிப்பில் இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்ததாக முதல் குறிப்பு 2.15க்கு இருக்கிறது. இடையில் என்ன சிகிச்சை கொடுக்கப்பட்டது? யார் கொடுத்தார்கள்?" இப்படி ஒரு மனு வந்தால் கட்டடமே விழித்துக்கொள்ளும். எம்.எஸ்., அதாவது மருத்துவக் கண்காணிப்பாளர், தன் அறைக்கு ஆட்களைக் கூப்பிடுவார். யாருக்கு எப்போது வேலை என்று போட்டிருக்கும் டூட்டி ரோஸ்டரைத் தேடுவார்கள். வக்கீலுக்குப் போன் போகும். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு வருத்தம் தெரிவித்துத் தப்பிக்க முடியாது. ஒன்று பதில் இருக்க வேண்டும், அல்லது பதில் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன கேள்வியை எழுதியவர் தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஓர் இளைஞர். அவருடைய அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். இரண்டாம் நாள் இரவு நிலைமை மோசமாகி, விடிவதற்குள் ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, மறுநாள் மதியம் இறந்துபோனார். மகன் கையில் கொடுக்கப்பட்டது ஒரு பக்க டெத் சம்மரி. காரியம் முடிந்த கையோடு என் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"கேஸ் ஷீட் வேணும்னு கேட்டேன் மேடம். அதான் சம்மரி கொடுத்தாச்சே, அதுலயே எல்லாம் இருக்குன்னு ரிசப்ஷன்ல சொல்றாங்க."

"சம்மரி வேற, கேஸ் ஷீட் வேற தம்பி. எழுதிக் கொடுங்க, தர்றோம்."

சம்மரி என்பது எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து எழுதும் சுருக்கம். கேஸ் ஷீட் அந்தந்த நேரத்தில், அந்தந்தக் கட்டிலருகே எழுதப்பட்டது. அதற்குள் டாக்டர்களின் தினசரிக் குறிப்பு இருக்கும். நர்ஸஸ் நோட்ஸ் இருக்கும். சூடு, நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட், உள்ளே போன திரவமும் வெளியே வந்த சிறுநீரும் எழுதும் ஐ/ஓ சார்ட், எந்த மருந்தை எத்தனை மணிக்கு யார் போட்டார்கள் என்று சொல்லும் டிரக் சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாம் இருக்கும். கேட்பவர் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ரிப்போர்ட் எல்லாம் வேணும்" என்று எழுதினால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பும் இடங்கள் உண்டு. மனுவின் இரண்டாம் பிரதியில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்வதும் முக்கியம்.

இதை அவருக்குச் சொன்னதற்காகப் பிறகு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் சொன்ன பதில் இதுதான்: 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்கநெறி விதிமுறைகள்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுத்தால் அதுவே மருத்துவர் மீதான ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகும். அந்த உரிமையை ஜன்னலில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பிரச்சினை வரும் என்று தெரிந்த கேஸ் ஷீட் நேராக ஆவணப் பிரிவுக்கு வராது. முதலில் நிர்வாகம் இருக்கும் மேல்மாடிக்குப் போகும். இதை வெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போகிற கோப்பு அப்படியே திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிழையைத் திருத்துவதற்கு முறை இருக்கிறது: ஒரே கோட்டால் அடித்து, பழைய எழுத்து படிக்கும்படி விட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் கையெழுத்தும் போட வேண்டும். வெள்ளை மை பூசுவதும், புதுத் தாளில் மறுபடி எழுதிச் செருகுவதும் குற்றம். அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இறப்பு நேர்ந்த கேஸ் ஷீட் வார்டிலிருந்து கிளம்பும்போதே பக்க எண் போட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று பதிவேட்டில் எழுதி, வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கிவிடுவோம். இந்தச் சின்ன வேலைக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சம் இல்லை. குடும்பங்கள் சீக்கிரமாக நகல் கேட்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுவே காரணம். நகல் வெளியே போன பிறகு யாரும் அந்தத் தாள்களைத் தொடத் துணிய மாட்டார்கள்.

அந்த இளைஞர் நகலை வாங்கிப் போய், தெரிந்த நர்ஸ் ஒருவரை வைத்துப் படித்திருக்கிறார். பிறகு கொண்டுவந்து கொடுத்த மனுவில் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றிலும் நேரமும் பக்க எண்ணும்.

வழக்கமான பதில் இங்கே செல்லவில்லை. விசாரணை வைத்தார்கள். கேஸ் ஷீட்டோடு நானும் போய் உட்கார்ந்தேன். அன்று இரவு வார்டில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு சிஸ்டர். உள்ளே வரும்போதே அழுதுகொண்டிருந்தாள். "நான் திரும்பத் திரும்பப் போன் பண்ணேன் சார். வர்றேன் வர்றேன்னு சொன்னாங்க." அவளைக் காப்பாற்றியது அவள் எழுத்துதான். 11.45க்கும் 12.30க்கும் "டூட்டி டாக்டருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று நேரத்தோடு எழுதியிருந்தாள். டூட்டி டாக்டரைக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. அந்த நேரம் கேஷுவாலிட்டியில் சாலை விபத்துக் கேஸ். இரவில் கேஷுவாலிட்டிக்கும் எல்லா வார்டுகளுக்கும் சேர்த்து ஒரே டாக்டர்தான்.

அதாவது தவறு ரோஸ்டரில் இருந்தது. அதைப் போட்டவர்கள் யாரும் அந்த இரவு அங்கே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். கோபத்தை மட்டும் சொல்லும் மனு வந்தால் நிர்வாகம் ஓர் ஆளைத் தேடும். சம்பளம் குறைந்த, பேசத் தெரியாத, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு பெண் சுலபமாகக் கிடைப்பாள். "சம்பந்தப்பட்ட செவிலியர் பணிநீக்கம் செய்யப்பட்டார்" என்று குடும்பத்துக்கு எழுதிவிடலாம். குடும்பமும் நியாயம் கிடைத்தது என்று நம்பிவிடும். அடுத்த இரவும் அதே ஒரு டாக்டர்தான் இருப்பார். அந்த இளைஞரின் மனுவில் நேரங்கள் இருந்ததால், யார் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அந்த மாதமே வார்டுகளுக்கென இரவில் தனியாக ஒரு டாக்டர் போட்டார்கள். பி.பி. ஒரு அளவுக்குக் கீழே போனால் சிஸ்டர் நேராகச் சீனியர் டாக்டரின் வீட்டுக்கே போன் செய்து அழைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அது வரை அப்படி அழைத்த சிஸ்டர்கள் திட்டுதான் வாங்குவார்கள்.

எங்கே கொடுப்பது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அதிகாரம்தான். சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் டாக்டரை மட்டுமே விசாரிக்கும். எச்சரிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், இழப்பீடு வாங்கித் தராது. மருத்துவமனை என்ற நிறுவனத்தின் மேல் சொல்ல வேண்டியதை மாவட்டத்தில் இருக்கும் நலப்பணிகள் இணை இயக்குநரிடம் சொல்ல வேண்டும்; 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு அவர்கள் கையில் இருக்கிறது. இழப்பீடு கேட்பதென்றால் நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. போலீசுக்கு ஓடுவதில் மட்டும் நிதானம் வேண்டும். டாக்டர் மேல் குற்ற வழக்குப் போட மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு மருத்துவரின் கருத்து வாங்க வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை பொதுவாக நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே ஆர்.எம்.ஓ. என்னும் நிலைய மருத்துவ அலுவலர், டீன், இணை இயக்குநர் என்று போக வேண்டும். கேஸ் ஷீட் தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காக அரசு மருத்துவமனை என்றால் எதுவும் செய்ய முடியாது என்று விட்டுவிடக் கூடாது. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் விழித்திரை நோய்க்கான பரிசோதனை நடக்கவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. தந்தை கிருஷ்ணகுமார் விடாமல் வழக்கு நடத்தினார். 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த நோய் வரக்கூடும் என்று பெற்றோருக்கு எந்த எச்சரிக்கையும் எழுதப்படவில்லை என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எழுதப்பட்டது மட்டுமில்லை, எழுதாமல் விட்டதும் சாட்சியாக நின்றது. ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு தகப்பனை இத்தனை காலம் அலைய வைக்கும் முறையை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியை உடைப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்த உடலை வாங்க மறுத்து, ஆட்களைத் திரட்டி, ரிசப்ஷனை அடித்து நொறுக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷத்தின் ஆத்திரம் எனக்குப் புரியும். ஆனால் அதோடு அவர்களுடைய கேள்வி செத்துவிடுகிறது. மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிரான சட்டம், 48/2008, எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் போர்டாகத் தொங்குகிறது. பிணையில் விடாத குற்றம். அண்ணன் தம்பிகள் உள்ளே போனதும் குடும்பத்தின் முழுக் கவனமும் அவர்களை வெளியே எடுப்பதில் போய்விடும். அம்மா ஏன் செத்தாள் என்று கேட்க ஆள் இருக்காது. அடி வாங்குவதும் பெரும்பாலும் அன்றைக்கு டூட்டியில் இருந்த, எதையும் தீர்மானிக்கும் இடத்தில் இல்லாத சின்ன டாக்டரும் சிஸ்டரும்தான்.

டாக்டர்கள் பலர் என்னிடம், "பதிவு எல்லாத்தையும் கொடுத்தா நாளைக்கு எவனும் ரிஸ்க் எடுத்து வைத்தியம் பார்க்க மாட்டான்" என்று வாதாடியிருக்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. கடைசி நிலையில் வரும் நோயாளியைத் தொட்டுப் பார்த்ததற்காகவே வழக்கைச் சந்தித்தவர்கள் உண்டு. ஆனாலும் என் அனுபவத்தில், உடனே கூப்பிட்டு உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்ன டாக்டர்கள் மேல் வழக்கு வந்தது மிக அபூர்வம். மறைத்த இடங்களில்தான் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அந்த இளைஞருக்கு மருத்துவமனை அனுப்பிய பதிலில் புது ரோஸ்டரைப் பற்றியும் சுற்றறிக்கை பற்றியும் ஒரு வரிகூட இல்லை. சிகிச்சையில் குறை இல்லை என்று மட்டும் இருந்தது. மறுபடி வந்தார்.

"அந்த ராத்திரி ஒரே டாக்டர்தான்னு எழுதிக் கொடுத்தா நான் போயிடுவேன் அக்கா. காசுக்கு வரல."

மேலே போய்ச் சொன்னேன். அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார் என்றார்கள். அந்த இளைஞர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டார், வக்கீல் இல்லாமல், தானே எழுதி. ஆணையம் அசல் கேஸ் ஷீட்டைக் கேட்டது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன்னிடம் இருந்த நகலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாப் பக்கமும் சரியாக இருந்தன. டூட்டி ரோஸ்டரையும் தாக்கல் செய்ய வேண்டும் என்று அன்றே மனுக் கொடுத்தார். ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. நான் ஓய்வு பெறும்போது வழக்கு சாட்சி விசாரணையில் இருந்தது. ரோஸ்டர் தாக்கலாகியிருந்தது. அந்த இரவுக்கான கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.