இப்போதைக்கு

"ரெண்டு காப்பியும் ஒரே டிஸ்க்லதானே அண்ணா போகும்?" என்று ஜூனியர் பையன் போனில் கேட்டான். நான் "இப்போதைக்கு" என்றேன். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒரு சொல் என்னை விட்டபாடில்லை.

எச்பி-யூஎக்ஸ் 11.11 சர்வர், இரண்டு டிஸ்க், மிரர்: எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒவ்வொரு காப்பி. இரவு இரண்டு மணி, ஃபைல் சிஸ்டம் 98 சதவீதம். 2 ஜிபி கூட்டச் சொன்னேன். டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு, எக்ஸ்டென்ட், ஒன்று 4 எம்பி, ஆக 512. மிரர் என்பதால் 1,024. மொத்தக் கணக்கைக் காட்டும் விஜிடிஸ்ப்ளேயில் ஃப்ரீ 1,240 என்று அவன் வாசித்ததும் நான் பாதித் தூக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் மறுத்தது: இடம் போதாது, ஸ்ட்ரிக்ட் அலொகேஷன் காரணமாக இருக்கலாம். இரண்டு காப்பியும் வெவ்வேறு டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்கிற விதி அது. டிஸ்க் வாரியாகக் காட்டும் பிவிடிஸ்ப்ளே போட்டுப் பார்த்தால் முதல் டிஸ்க்கில் 36, இரண்டாவதில் 1,204. டேட்டாபேஸ் ஆட்கள் எப்போதோ முதல் டிஸ்க்கில் மிரர் இல்லாமல் ஒரு தற்காலிக வால்யூம் போட்டு, மறந்தே போயிருந்தார்கள். அதை நீக்க அவர்கள் சம்மதம் வேண்டும். அந்த நேரத்தில் யார் போனை எடுப்பார்?

"எல்விசேஞ்ச், மைனஸ் எஸ் என். ஸ்ட்ரிக்டை எடுத்துட்டு கூட்டிடு" என்றேன். அப்போதுதான் அவன் அதைக் கேட்டான்.

மாற்றுச் சாவி செய்து அதே கொத்தில் மாட்டி வைக்கிற வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேறு என்ன வழி? மிரரை உடைத்துக் கூட்டியிருந்தால் பழைய டேட்டாவும் சேர்ந்து ஒற்றைக் காப்பியில் நின்றிருக்கும். நான் சொன்ன வழியில் பழைய பகுதியாவது பத்திரமாக இருந்தது. இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்ததில்லை. மீதமிருந்த அந்த 36 எக்ஸ்டென்டை மட்டும் முறைப்படி கூட்டியிருந்தால் 144 எம்பி கிடைத்திருக்கும், விடியும் வரை ஓடியிருக்குமோ என்னவோ. அந்தக் கணக்கை நான் போட்டதே வெகுநாள் கழித்து.

கூட்டி முடிந்ததும் ஸ்ட்ரிக்டைத் திரும்ப வைக்கச் சொன்னேன். ஏற்கவில்லை. மிரர் இருக்கும்போது ஸ்ட்ரிக்டிலிருந்து வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. காப்பியை நீக்கி, ஸ்ட்ரிக்ட் வைத்து, மறுபடி காப்பி போட வேண்டும். "சரி விடு, காலையில் பார்த்துக்கலாம்."

காலையில் ஃபைல் சிஸ்டம் 81 சதவீதத்தில் சமர்த்தாக இருந்தது. டிக்கெட் மூடியாயிற்று. தற்காலிக வால்யூமை நீக்கச் சொல்லி மெயில் போட்டேன், "பார்க்கிறோம்" என்றார்கள். அப்புறம் நானும் கேட்கவில்லை. தினசரிச் செக் ஸ்கிரிப்ட் 'ஸ்டேல்', அதாவது பின்தங்கிப்போன காப்பி, என்ற சொல்லைத்தான் தேடும். அப்படி ஒரு எக்ஸ்டென்டும் இல்லை. மிரர் காப்பி 1, அதாவது அசல் போக இன்னொன்று, என்றே காட்டியது. வால்யூமின் விவரம் காட்டும் எல்விடிஸ்ப்ளேயில் 'நான்-ஸ்ட்ரிக்ட்' என்ற வரியும் தினமும் இருந்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். நானும் படித்திருக்கலாம்.

பத்து வாரம் கழித்து இரண்டாவது டிஸ்க் போனது. மிரர்தானே என்று டீ குடித்துவிட்டுத்தான் போனேன். புது டிஸ்க் மாட்டி, நல்ல காப்பியிலிருந்து மற்றதை நிரப்பும் விஜிசிங்க் ஓடவிட்டோம். பழைய பகுதி ஒழுங்காக வந்தது. எல்விடிஸ்ப்ளே மைனஸ் வி போட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனால், வரிக்கு வரி இரண்டு பத்தியிலும் ஒரே டிஸ்க்கின் பெயர். எதிலிருந்து எடுப்பது? முந்தைய இரவின் டேப்பிலிருந்து மீட்டோம். ஒரு பகல் முழுக்க உள்ளிட்டதை வாடிக்கையாளரின் ஆட்கள் மறுபடி உள்ளிட்டார்கள்.

மீட்டிங்கில் யார் செய்தது என்று கேட்டார்கள். லாகில் இருந்தது அவன் லாகின். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்றேன். அவனைத் தனியாக விட்டுவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கு நம்பினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். சேர்ந்து என்றால் என்ன? அவன் செய்தது ஒரு கேள்வி கேட்டதும், நான் சொன்னதை டைப் செய்ததும்தான்.

அது கேள்விதானா என்பதிலும் இப்போது சந்தேகம். தெரியாதவன் "ஒரே டிஸ்க்லயா போகும்?" என்று கேட்பான். அவன் "போகும்தானே?" என்றான்.