துபாயா, கோலாலம்பூரா: மகளுக்குப் பள்ளி தேடிய அனுபவம்

கணவரின் நிறுவனம் துபாய், கோலாலம்பூர் என இரண்டு இடங்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வேலை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால், தொடக்கநிலை 4 படிக்கும் மகளின் பள்ளியை வைத்தே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூர்க் குடிமக்கள் இங்குள்ள அனைத்துலகப் பள்ளிகளில் சேரக் கல்வி அமைச்சின் அனுமதி தேவைப்படுவதால், நம்மில் பெரும்பாலோருக்கு அந்த உலகமே பழக்கமில்லை. கட்டணப் பட்டியலையும் நீச்சல் குளத்தின் படத்தையும் தாண்டி எதைப் பார்ப்பது என்பது விளங்கவே நாளாகும். விண்ணப்பமும் நுழைவுத் தேர்வும் நேர்காணலும் சிரமமின்றி முடிந்தன. தரத்தை ஒப்பிடுவதிலும், கடைசியில் ஒரு சான்றிதழிலும்தான் மாட்டிக்கொண்டோம்.

கோலாலம்பூரில் ஒரு பள்ளியின் சேர்க்கை அலுவலர், பள்ளியிறுதியில் எழுதும் அனைத்துலக ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பட்டயத் தேர்வில் தங்கள் சராசரி 37 என்று காணொளிச் சந்திப்பில் பெருமையுடன் சொன்னார். மொத்தம் 45 புள்ளிகள், தேர்ச்சிக்குக் குறைந்தது 24, உலகச் சராசரி 30-ஐ ஒட்டி என்னும்போது 37 வாயடைக்க வைக்கும் எண்தான். எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டேன். அதை மின்னஞ்சலில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு, மாணவர் நடத்தும் இசை நிகழ்ச்சிக்குப் பேச்சை மாற்றிவிட்டார். பலமுறை நினைவூட்டிய பிறகு வந்த பதிலைப் படித்தபோதுதான் கதை புரிந்தது. கடைசி வகுப்பில் பாதிக்கும் குறைவானவர்களே முழுப் பட்டயத்துக்கு எழுதியிருந்தனர். மற்றவர்கள் தனித்தனிப் பாடங்களுக்கான சான்றிதழ்களுக்கு மட்டும் எழுதியதால் அவர்களுடைய மதிப்பெண் அந்தச் சராசரியில் சேரவே இல்லை. சராசரியைக் கேட்காதீர்கள். கடைசி வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் பட்டயத்துக்கு எழுதினர், எத்தனை பேர் தேறினர் என்ற மூன்று எண்களையும் எழுத்தில் கேளுங்கள்.

துபாயின் நிலைமை வேறு. அங்கே அரசின் கேஎச்டிஏ அமைப்பு தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து, மிகச் சிறப்பு முதல் மிகப் பலவீனம் வரை ஆறு படிகளில் தரமிட்டு, முழு அறிக்கையையும் எவரும் படிக்கும்படி வெளியிட்டு வந்திருக்கிறது. இவ்வளவு வெளிப்படையான ஏற்பாடு நம் ஊர் அனைத்துலகப் பள்ளிகளுக்குக்கூட இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. ஆனாலும் எச்சரிக்கை தேவை. 2024-25 கல்வியாண்டில் புதிய பள்ளிகளைத் தவிர மற்றவற்றுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை. எனவே வாசலில் தொங்கும் பதாகையில் உள்ள தரம் எந்த ஆண்டுடையது, அதற்குப் பின் தலைமையாசிரியர் மாறினாரா என்று பார்க்க வேண்டும். ஒட்டுமொத்தத் தரத்தைவிட, அறிக்கையின் உள்ளே தொடக்கநிலைக் கணிதம், ஆங்கிலம் பற்றித் தனித்தனியாக எழுதியிருக்கும் பத்திகளே எங்களுக்குப் பயன்பட்டன.

கோலாலம்பூருக்கு நேரில் சென்றோம். சுற்றிக் காட்டியவர் நூலகத்தையும் அரங்கையும் விட்டு நகர மறுத்தார். நான் விடாமல் கேட்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக்குள் சென்று, மேசையில் கிடந்த எழுத்துப்பயிற்சிக் குறிப்பேடு ஒன்றை ஆசிரியரின் அனுமதியுடன் புரட்டினேன். முதல் சில பக்கங்களில் பச்சை மையில் கவனமான திருத்தங்கள். அதன் பிறகு பக்கம் பக்கமாகப் பிள்ளையின் எழுத்து மட்டும், ஒரு குறிகூட இல்லை. பருவத்தின் நடுவில் ஆசிரியர் விலகிவிட்டாராம், புதியவர் அப்போதுதான் சேர்ந்திருந்தார். ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை ஆண்டுகள் தங்குகிறார்கள் என்ற என் கேள்விக்கு அந்தப் பள்ளி இன்றுவரை பதில் தரவில்லை.

கட்டணத்தை ஒப்பிடும்போது வரியை மறக்க வேண்டாம். மலேசியாவில் 2025 ஜூலை முதல், ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. துபாயில் அரபு மொழி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடம். தமிழை வீட்டில்தான் காப்பாற்ற வேண்டும் என்று அறிந்தே துபாயைத் தேர்ந்தோம்.

இனி அந்தச் சான்றிதழ். துபாய்ப் பள்ளியின் எழுத்தர், சிங்கப்பூர்ப் பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழில் நம் வெளியுறவு அமைச்சின் முத்திரை வேண்டும் என்று தம் பட்டியலைக் காட்டி அடித்துச் சொன்னார். அதை நம்பிப் பாதிநாள் விடுப்பெடுத்துக்கொண்டு டங்ளினில் உள்ள வெளியுறவு அமைச்சுக்குப் போனால், 2021 செப்டம்பர் முதல் அந்த வேலை சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்திடம் சென்றுவிட்டது என்று வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய பட்டியல் எத்தனை ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடக்கிறதோ! நோட்டரி (ஆவணத்துக்குச் சான்றளிக்கும் வழக்கறிஞர்), சட்டக் கழகம், பிறகு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் தூதரகம் என்ற வரிசையில்தான் செல்ல வேண்டும். தூதரக முத்திரை இல்லாமல் அபோஸ்டில் (வெளிநாட்டில் பயன்படுத்தும் ஆவணத்துக்கான அனைத்துலகச் சான்று) மட்டும் இருந்தால் போதாது என்றது துபாய்ப் பள்ளி.

அத்தனை முத்திரையும் பெற்று அனுப்பிய தாளை, ‘தொடக்கநிலை 4’ என்பது எந்த வகுப்பு என்று புரியவில்லை எனச் சொல்லி அந்த எழுத்தர் திருப்பினார். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் வகுப்பு, செப்டம்பர் முதல் ஆகஸ்டு வரையிலான பிறந்த தேதியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், நம் தொடக்கநிலை 4 பிள்ளைகளில் சிலர் ஐந்தாம் ஆண்டுக்கும் சிலர் ஆறாம் ஆண்டுக்கும் போவார்கள். அக்டோபரில் பிறந்த என் மகளுக்கு ஐந்தாம் ஆண்டு. இங்குள்ள பள்ளி அலுவலகத்தில், முறையான கல்வியில் இது நான்காவது ஆண்டு, மாணவி அதை நிறைவுசெய்து அடுத்த வகுப்புக்குத் தகுதி பெற்றுள்ளார் என்று ஒரு வாக்கியம் சேர்த்துத் தரும்படி கேட்டேன். மறுநாளே தந்தார்கள். முத்திரைகளுக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் இம்முறை எழுத்தரிடமிருந்து கேள்வி ஏதும் வராமல் சேர்க்கைக் கடிதம் வந்தது. துபாய்க்குப் போகிறவர்கள் நோட்டரியிடம் செல்வதற்கு முன்பே இந்த வாக்கியத்தைச் சான்றிதழில் எழுதி வாங்கிவிடுங்கள்.