கார் வராத நாளுக்கும் ஏன் கட்டணம்?

தறிக்குடோன் வீட்டில் பிறந்தவனுக்கு, கரண்ட் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய நிலைக்கட்டணம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூலி உயர்வு ஸ்ட்ரைக்கில் தறிகள் நின்ற மாதம், ஒரு முழம் துணிகூட நெய்யாமலே வந்த ஈ.பி. பில்லை வைத்துக்கொண்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பல்லடம் - தாராபுரம் ரோட்டில் எங்கள் இடத்தில் மின்சாரக் கார்களுக்கு 30 கிலோவாட் சார்ஜர் போட்டபோது எனக்கு வந்த முதல் பயமும் அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு கார் வரும், மறுநாள் ஒன்றுகூட வராது. அதற்கும் நிலைக்கட்டணம் கட்டினால் எப்படித் தாங்கும்?

மத்திய மின்சார அமைச்சகம் செப்டம்பர் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் பேசுகிறது. பொது சார்ஜிங் நிலையத்துக்கு, இழுத்த யூனிட்டுக்கு மட்டும் ஒரே கட்டணம். அதுவும் 31 மார்ச் 2028 வரை சராசரி வழங்கல் செலவை, அதாவது ஒரு யூனிட்டை நம்மிடம் கொண்டுசேர்க்க மின்வாரியத்துக்குச் சராசரியாக ஆகும் செலவை, தாண்டக் கூடாது. அதே வழிகாட்டுதல் நேரவாரியாகவும் பிரிக்கிறது: காலை 9 முதல் மாலை 4 வரை அந்தச் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. செலவை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பகலில் 7, இரவில் 13. ஆனால் கடைசியில் கட்டணத்தை முடிவு செய்வது அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். எந்த மாநிலமானாலும் இதை முழுசாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சின்ன ஊர் ரோட்டில் சார்ஜர் போடுகிறவன் பிழைக்க வேறு வழியில்லை.

சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று 2018-இல் அதே அமைச்சகம் தெளிவாக்கியதால்தான் லைசென்ஸ் இல்லாமல் என்னால் தொடங்க முடிந்தது. சேவை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்கிறது. அதுவும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

அப்புறம் நேரச் சிக்கல். வெயில் காயும்போது கரண்ட் மலிவு, கார்கள் வருவதோ பொழுது சாய்ந்து. திருப்பூர் டாக்ஸிக்காரர் ஒருவர், "ஏனுங்கண்ணா, அதே கரண்டுதானுங்களே, பகலுக்கு ஒரு ரேட்டு, ராத்திரிக்கு ஒரு ரேட்டுங்களா?" என்று கேட்டார். மேலே சொன்ன கணக்கையே போட்டுக் காட்டினேன். 20 யூனிட் ஏற்றினால் 120 ரூபாய் வித்தியாசம்.

போன வாரம் அவர் மத்தியானம் இரண்டு மணிக்கே வந்தார். வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, எங்கள் வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.