கையெழுத்து போடலாமா வேணாமா

தை மாசம் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பத்திரிகை மட்டும் இன்னும் அடிக்கல. போன மாசம் நான் கட்டிக்கப் போறவர் ரெண்டு பக்கம் டைப் பண்ணி எடுத்துட்டு வந்து, "படிச்சுப் பாரு, சரின்னா ரெண்டு பேரும் கையெழுத்து போடலாம்"னார். ப்ரீநப், அதாவது கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிக்கற ஒப்பந்தம். அவரவர் சொத்து அவரவருக்கு, பட்டறைக் கடன் அவருக்கு மட்டும். அம்பத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கார், மிஷின் வாங்கின லோன் இன்னும் ஓடிட்டிருக்கு, அது என் தலையில விழுந்துடக்கூடாதுன்னு அவருக்குப் பயம். எனக்கு அது அப்போ புரியல, தாலி கட்றதுக்கு முன்னாடியே பிரியறதைப் பத்தி எழுதணுமான்னு அழுகையே வந்துடுச்சு.

அம்மா அபசகுனம்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அத்தைதான், "போடுடி"ன்னாங்க. அத்தையோட 40 பவுனும் மாமா வியாபாரத்துக்குன்னு அடகுக்குப் போச்சு, திரும்பி வரவே இல்ல. ஏல நோட்டீஸை இன்னும் பீரோல புடவைக்கு அடியில வெச்சிருக்காங்க, மடிச்ச மடிப்பெல்லாம் கிழிஞ்சிருக்கு. இரட்டை வடம், காசுமாலை, நெளி மோதிரம்னு இன்னைக்கும் விரல் விட்டு எண்ணுவாங்க, ஆனா அவங்களுதுன்னு எழுதி வெச்ச ஒரு துண்டு காகிதம் கிடையாது.

வக்கீல் மேடத்தைப் போய்ப் பார்த்தோம். கோவால போர்த்துகீசியர் காலத்து சிவில் சட்டம் இருக்கு, அங்க கல்யாணத்துக்கு முன்னாடியே சொத்து யாருக்கு எப்படின்னு எழுதிக்கலாமாம், நம்ம பக்கம் இந்துக் கல்யாணத்துல இந்த மாதிரி ஒப்பந்தத்தை 1872 ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவைக் காட்டி பொதுநலனுக்கு விரோதம்னு கோர்ட் தள்ளிடலாம், இதையே நம்பி இருக்காதீங்கன்னாங்க. ஆனா புருஷன் வாங்கின கடன் பொண்டாட்டி மேல தானா வந்து விழாது, ஜாமீன்தாரராவோ கூட்டுக் கடன்காரராவோ பேங்க்ல கையெழுத்து போட்டாதான் வரும், நீ யோசிக்க வேண்டிய கையெழுத்து அதும்மான்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் மனசுல நின்னுச்சு.

இன்னொண்ணும் சொன்னாங்க. கல்யாணத்தப்போ வர்ற பரிசுகளுக்கு லிஸ்ட் எழுதணும்னு வரதட்சணை தடுப்புச் சட்டத்துல 1985லயே விதி வந்துடுச்சாம். என்ன பொருள், தோராயமா என்ன மதிப்பு, யார் கொடுத்தது, என்ன உறவுன்னு எழுதி பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்து போடணும். அதே 1985ல பிரதிபா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட், சீதனம், அதாவது பொண்ணுக்குன்னு வந்த நகை, பொருள் எல்லாம் முழுக்க பொண்ணோட சொத்து, புருஷன் வீட்டுல பாதுகாப்புக்கு வெச்சிருந்தாலும் அது புருஷன் வீட்டாரோடது ஆகிடாதுன்னு சொல்லியிருக்கு. இவ்ளோ வருஷமா இருக்கற விஷயம், எங்க வீட்டுக் கல்யாணம் எதுலயும் யாரும் அப்படி ஒரு லிஸ்ட் எழுதி நான் பார்த்ததில்ல.

அந்த ரெண்டு பக்கத்துலயும் கையெழுத்து போட்டுட்டேன். கோர்ட்ல நிக்குமோ நிக்காதோ, எனக்கு ஒரு கஷ்டம் வந்துடக்கூடாதுன்னு ஒருத்தர் உட்கார்ந்து எழுதினது அது. பட்டறை லோன் எதுக்கும் என்கிட்ட ஜாமீன் கையெழுத்து கேக்கக்கூடாதுன்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், அவரே பேனா எடுத்து கீழ எழுதினார்.

லிஸ்ட்டை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஆரம்பிச்சோம். அத்தை தரையில உட்கார்ந்து ஒவ்வொரு நகையா கையில எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் நோட்டுல எழுதினார். இரட்டை வடம், 5 பவுன், அம்மா கொடுத்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க அத்தை.