பீப்பாய் பீர் வேட்டை: ஆண்டைப் பார்க்குமுன் ஃபிரிட்ஜைப் பாருங்கள்

விஸ்கி ஊறிய மரப் பீப்பாயில் முதிரவைத்த பீரைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேட்டை. அமெரிக்காவில் அது என்றாலே வரிசைதான். கூஸ் ஐலண்ட் என்ற சிகாகோ பீர் ஆலையின் போர்பன் கவுன்டி ஸ்டவுட் (ஸ்டவுட் என்றால் கறுத்த, கனமான பீர்) ஆண்டுதோறும் நவம்பரில், பிளாக் ஃபிரைடே அன்று வெளியாகும். சிகாகோ குளிரில் விடியுமுன்னே போய் நிற்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் அந்த வேலை இல்லை. இங்கே வேட்டை என்பது, பாட்டில் நம் கைக்கு வருமுன் எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்று துப்பறிவது.

இந்த பீர் ஏன் கொஞ்சமாகவே வருகிறது என்பதைப் பீப்பாயே சொல்லும். போர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புது ஓக் கலனில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் போர்பன்காரருக்கு உதவாது. பீர் காய்ச்சுபவர் வாங்கிக்கொள்கிறார். ஒன்றின் கொள்ளளவு ஏறக்குறைய 200 லிட்டர். கனமான ஸ்டவுட்டை ஊற்றி எட்டு மாதம், ஓராண்டு என்று விடுகிறார்கள். மரம் உறிஞ்சி வைத்திருந்த விஸ்கி பீருக்குள் இறங்கும். ஓக்கிலிருந்து வெனிலா வாசமும், லாக்டோன் என்ற பொருளால் தேங்காய் வாசமும் வரும். ஆவியானது, அடியில் தங்கிய கசடு, கெட்டுப்போனதென்று ஒதுக்கிய பீப்பாய் எல்லாம் போனால், ஒரு பீப்பாய்க்கு 500 மில்லி பாட்டில் 400-கூடத் தேறாது.

விலையைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுமுன் ஒரு கணக்கு. இங்கே இறக்குமதி பீருக்கு, அதிலுள்ள ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் உற்பத்தி வரி 60 வெள்ளி, சுங்க வரி 16 வெள்ளி. 14 விழுக்காடு பீர் 500 மில்லியில் ஆல்கஹால் 70 மில்லி. வரி மட்டும் 5 வெள்ளி 32 காசு. 330 மில்லி சாதாரண 5 விழுக்காடு பீருக்கு அதே வரி 1 வெள்ளி 25 காசுதான். இதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தாலும் தப்பிக்க முடியாது. 400 வெள்ளி வரையிலான தபால் பொருளுக்கு உள்ள வரிச் சலுகை மதுவுக்குப் பொருந்தாது, அமெரிக்க அஞ்சல் துறையோ மதுவை ஏற்பதே இல்லை. பயணத்தில் கொண்டுவரலாம். 18 வயது ஆகி, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருந்தால் பீர் 2 லிட்டர் வரை தீர்வையில்லை, நாலு பாட்டில். மலேசியாவிலிருந்து திரும்பினால் அதுவும் கிடையாது. ஜோகூருக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வரலாம் என்பவர்கள் கவனிக்க.

இப்போது சூடு. பீர் பழசாகும் வேகம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பொதுக் கணக்கு. 12 டிகிரியில் இருக்க வேண்டியது 30 டிகிரியில் கிடந்தால் மூன்று மடங்குக்கும் மேல் ஓடிவிடும். ஆகவே கடையில் முதல் கேள்வி: "குளிர்க் கொள்கலனில் வந்ததா, சாதா கொள்கலனிலா?" தெரியாது என்றால் அதுவே பதில். இரண்டாவது, பாட்டில் எங்கே நிற்கிறது. விளக்கடியில் அலங்காரமாய் நிற்கும் பாட்டில் எவ்வளவு அரிதானாலும் விட்டுவிடுங்கள். மூன்றாவது, தேதி. அமெரிக்கப் பாட்டிலில் மாதம் முன்னால், நாள் பின்னால். சிலவற்றில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்றே அச்சிட்டிருக்கும்: 305 என்றால் நவம்பர் 1. மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ, பக்கத்துப் பாட்டிலைவிட மட்டம் இறங்கியிருந்தாலோ கசிந்திருக்கிறது.

காப்பி சேர்த்ததைச் சேமிக்கவே வேண்டாம். சில மாதத்தில் காப்பி மணம் மங்கி, நறுக்கிய குடைமிளகாய் வாசம் தலைகாட்டும். எதுவும் சேர்க்காத கட்டி ஸ்டவுட் குளிரில் மூன்று, நாலு ஆண்டு தாங்கும். நன்றாக முதிர்ந்தால் கருப்பட்டிப் பாகு, பேரீச்சை. சூட்டில் முதிர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி, கறுப்புச் சோயா சாஸ். சோயா நெடி வந்தபின் அதைத் திருப்ப வழியில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எங்கே வைப்பது? காப்பறை, அதாவது போர்க்கால அடைக்கல அறை, கான்கிரீட்டுக் குகை மாதிரி இருப்பதால் குளிர்ச்சி என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள்: தடித்த சுவர் பகல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரவிலும் 28, 29 என்றே காட்டும். வைன் ஃபிரிட்ஜ் வாங்கினால் கம்ப்ரஸர் உள்ளதா என்று பாருங்கள். மலிவான தெர்மோ எலெக்ட்ரிக் வகை அறை வெப்பத்திலிருந்து கொஞ்சம்தான் இறக்கும். நம் ஊர் 31 டிகிரியில் 12-ஐத் தொடத் திணறும். இடமில்லையா, சமையலறை ஃபிரிட்ஜின் அடித்தட்டே போதும். பாட்டிலைப் படுக்கவைக்காதீர்கள், இது வைன் இல்லை, நனைக்கக் கார்க்கும் இல்லை.

திறப்பது தனிக் கலை. மூடிமேல் மெழுகு பூசிய பாட்டிலானால், மெழுகைச் சுரண்டினால் தூள் கிளாஸில் விழும். மூடிக்குக் கீழே சிறு கத்தியால் ஒரு சுற்று அறுத்து, மெழுகோடு சேர்த்து ஓப்பனரால் நெம்புங்கள். 12, 13 டிகிரிக்கு வந்தபின் ஊற்றுங்கள். நேராக ஃபிரிட்ஜிலிருந்து குடித்தால் கசப்பும் ஆல்கஹாலும் மட்டும் நாக்கில் நிற்கும். ஒரு பாட்டிலில் சாதாரண பீர் நாலு கேனுக்கும் கொஞ்சம் அதிகமான ஆல்கஹால் இருக்கிறது. நாலு பேருக்கு ஆளுக்கு 125 மில்லி தாராளம். கூடிக் குடிப்பதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரவு 10.30 மணிக்குமேல் புளோக்கின் கீழ்த்தளத்தில் குடிக்கவும் முடியாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. மிஞ்சியதை விற்க நினைக்காதீர்கள், உரிமம் வேண்டும்.

முதல் பாட்டிலைக் கழுவுதொட்டிமேல் பிடித்துத் திறப்பது நல்லது. மரத்தின் துளைகளில் ஒளிந்திருந்த லாக்டோபசிலஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியாவோ காட்டு ஈஸ்ட்டோ பாட்டிலுக்குள் வேலையைத் தொடர்ந்திருந்தால் நுரை பொங்கும், ஸ்டவுட் மோர் மாதிரி புளிக்கும். லேபிளில் புளிப்பு வகை என்று இல்லாவிட்டால் அது குறைதான். ரசீதையும் மூடியையும் பத்திரப்படுத்தி, அன்றே கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதே தொகுதியில் அவரிடம் இன்னும் சில பாட்டில்கள் நிற்கும்.