120 ஸ்பூன்

பாப்பாவுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுக் கோவில்பட்டிக்குத் திரும்பிய மறுநாள் விடியற்காலையில், குடித்த பால் மொத்தத்தையும் என் தோளில் கக்கினாள். ஏப்பத்தோடு கொஞ்சம் தயிர் மாதிரி வழிவது தினமும் உள்ளதுதான். இது வேறு, பீய்ச்சிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குள் மூன்று வாந்தி. மத்தியானம் வயிற்றாலும் போக ஆரம்பித்தது. வெறும் தண்ணீர், புளித்த வாடை.

அத்தைக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. "பல்லு மொளைக்குதுல்லா, அதான் வயித்தால போகுது."

பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை. அந்த வயதில் பிள்ளைகள் தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறார்கள், கிருமி அப்படிப் போகிறது. இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அத்தை சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆறாவது முறை போனதும் நிம்மதி போய்விட்டது. மெடிக்கலுக்கு ஓடினேன். வயிற்றால் போனால் கொடுக்கிற உப்பு சர்க்கரைத் தண்ணீர், அதாவது ஓ.ஆர்.எஸ்., என்று கடைத் தம்பி இரண்டு எடுத்துக் காட்டினார். ஒன்று பொடி பாக்கெட். இன்னொன்று ஆரஞ்சுப் படம் போட்ட அட்டைப் பெட்டி. "இதுன்னா பிள்ளைங்க மடமடன்னு குடிச்சிரும்க்கா" என்றார். இரண்டையும் வாங்கினேன். பெட்டியில் இருந்ததைப் பாப்பா மடமடவென்றுதான் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாகப் போனது. அது ஜூஸ். சர்க்கரை அளவுக்கு மீறினால் குடல் தண்ணீரை உறிஞ்சாது, உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். அப்போதெல்லாம் அந்தப் பெட்டிகளின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகவே அச்சடித்திருப்பார்கள். இப்படிப்பட்ட பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது 2025 அக்டோபரில்தான்.

சரி, பொடியையாவது ஒழுங்காகக் கலந்தேனா என்றால் அதுவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கிவிட்டேன். பாப்பா இரண்டு ஸ்பூன் வாங்கி, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள். அவள் துப்பியது நல்லதாகப் போயிற்று.

அடுத்த தெருவில் இருக்கும் நர்சக்கா அன்று ராத்திரி எட்டு மணிக்கு எட்டிப் பார்த்தார். கிராம சுகாதாரச் செவிலியர். டம்ளரைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணியில கலந்த?"

"இந்த டம்ளர்லதான்க்கா."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தவர் அப்படியே வாசலுக்குப் போய்த் துப்பினார். "கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. இது கடல் தண்ணி. பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்துரும்."

பாக்கெட்டின் பின்னால் 1 லிட்டர் என்று போட்டிருந்தது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு. நான் வாங்கியது பெரியது. அக்காவே ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றிப் புதுப் பாக்கெட்டைக் கலந்தார். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பேதியை நிறுத்துகிற மருந்து எதையும் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு டயப்பரையும் கழற்றச் சொன்னார். பேதியும் மூத்திரமும் கலந்துவிட்டால் பிள்ளை மூத்திரம் போகிறதா இல்லையா என்பதே தெரியாது என்றார். அந்த யோசனை எனக்கு வந்தே இருக்காது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினோம்.

துணி கட்டியபோது ஒருமுறை நனைந்தது. அதோடு சரி.

ராத்திரி முழுக்க வாந்தி. கொடுத்ததில் பாதிகூட உள்ளே தங்கவில்லை. மூன்று மணி வாக்கில் அத்தை பிள்ளையை மடியில் போட்டுத் தலையைத் தடவிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார். "இங்க பாரு, உச்சி விழுந்து கெடக்கு." நானும் தொட்டுப் பார்த்தேன். மற்ற நாட்களில் மெத்தென்று சமமாக இருக்கிற உச்சிக்குழியில் விரல் நுனி இறங்கியது. பாப்பா அழுதாள், கண்ணில் ஈரமே இல்லை. துணி அப்படியே காய்ந்து கிடந்தது. எட்டரையிலிருந்து ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது.

அத்தை பார்த்தது அவ்வளவு சரி. உடம்பில் தண்ணீர் வற்றினால் உச்சிக்குழி பள்ளமாகும், டாக்டரும் அதைத்தான் தடவிப் பார்க்கிறார். ஆனால் அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் குழியில் விளக்கெண்ணெய் வைப்பது, விடிந்ததும் தொக்கம், அதாவது தொண்டையில் சிக்கியிருப்பதாகச் சொல்வதை, எடுக்கிற நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவது. அத்தை வீட்டுக்காரரும் ஊரில் இல்லை, என் வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை, ஆனால் ஆட்டோவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோபத்தோடுதான் ஏறினார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்து விட்டார். உடனே சமமாக வேண்டிய தோல், யோசித்து யோசித்து இறங்கியது. மலத்தில் ரத்தம் உண்டா, பிள்ளை மயங்கி மயங்கிப் போகிறாளா, ஸ்பூனை வாயில் வைத்தால் முழுங்குகிறாளா என்று கேட்டார். ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை, தாகத்தில் ஸ்பூனைப் பிடித்து இழுக்கிறாள் என்றேன். அப்படியானால் டிரிப்ஸ் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்து வாயாலேயே கொடு என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. டிரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று மனதுக்குள் இருந்திருக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது, டிரிப்ஸ் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைத்தான் சொந்தக்காரர்கள் கையால் கொடுக்க வைத்து ஏராளமான பேரைக் காப்பாற்றினார் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். பாப்பா 8 கிலோ, ஆக 600 மில்லி. என் ஸ்பூன் 5 மில்லி. 120 ஸ்பூன், இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டினேன். அத்தை விரல் மடக்கி எண்ணினார். நாற்பது சொச்சத்தில் ஒரு வாந்தி. பத்து நிமிஷம் சும்மா இருந்தோம், மறுபடி ஆரம்பித்தோம். நடுநடுவே பால். கை மரத்துப்போனால் அத்தை ஊட்டினார், நான் எண்ணினேன். தொண்ணூறைத் தாண்டியபோது என் மடி வெதுவெதுவென்று நனைந்தது. புடவையை மோந்து பார்த்து, "ஒண்ணுக்குத்தான்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் ஜிங்க் மாத்திரை, 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். ஸ்பூனில் தாய்ப்பால் விட்டால் தானே கரையும். பேதி நான்காம் நாளே நின்றுவிட்டது. மிச்ச மாத்திரையை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குத் திரும்ப வராமல் இருக்கத்தான் அந்த 14 நாள் என்றார் நர்சக்கா. சாப்பாட்டையும் குறைக்கவில்லை. குழைந்த பருப்பு சாதம், மசித்த வாழைப்பழம், கொஞ்ச நாளைக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக.

போன மாதம் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று அதன் அம்மா பதறிக்கொண்டு வந்தாள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அத்தையின் குரல் கேட்டது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்? பாக்கெட்டு பெருசா சின்னதா?"